பட்டு வேண்டாத பாட்டரசி

காஞ்சிபுரத்துப் பழங்கதைகளில் தனியாக நடந்து வரும் பெண்கள் பலர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது வந்த ஔவை, அவனுடைய ஆயுதசாலையின் பளபளப்பைப் பாராட்டுவதுபோலப் பரிகசித்துவிட்டுப் போனாள். பஞ்சத்தில் கச்சி மாநகரம் வாடியபோது அமுதசுரபியோடு வந்து சோறிட்டாள் மணிமேகலை. அவளுடைய காப்பியம் முடிவதும் இந்த ஊரில்தான். கவுந்தியடிகள் காஞ்சிக்கு வந்ததாகக் கதை இல்லை. ஆனால் அவர் பின்பற்றிய சமண நெறிக்கு இங்கே திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. ஜினகாஞ்சி என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் உண்டு. பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் போய்ச் சேர்ந்த திருவாலங்காடோ, இங்கிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் தரிசித்துத் திரும்பிவிடக்கூடிய தூரம்.

ஔவை, மணிமேகலை, கவுந்தி, காரைக்கால் அம்மையார். வேறு வேறு காலம், வேறு வேறு சமயம். இந்த நால்வரையும் வெள்ளித்திரையில் ஏற்று நடித்தவர் ஒருவரே. கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்ற கே.பி.எஸ்.

தமிழ்த் திரையில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் எது என்பது எல்லோருக்கும் தெரியும். காதலிக்க வேண்டும், கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், பிறகு அம்மாவாகி அழ வேண்டும். அந்த வரிசையில் நிற்காமலேயே சுமார் நாற்பது ஆண்டுகள் திரையில் இருந்தவர் சுந்தராம்பாள். அவர் ஏற்ற பெரிய வேடங்கள் எல்லாமே இல்லறத்துக்கு வெளியே நிற்பவர்களுடையவை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தை அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார். அதற்கு அவர் கொடுத்த விலையும் கொஞ்சமல்ல.

ரயிலில் கிடைத்த குரல்

காவிரிக்கரைக் கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையைச் சின்ன வயதிலேயே இழந்த குடும்பம். தாய் பாலாம்பாள் பட்ட பாட்டைச் சொல்ல ஏடு போதாது. அந்தத் தாயின் பெயர்தான் மகளின் தலைப்பெழுத்தில் கடைசிவரை நின்றது. தந்தை பெயரை முன்னால் போட்டுக்கொள்ளும் நம் நாட்டில், லட்சக்கணக்கான சுவரொட்டிகளில் அச்சான அந்த ‘பி’ ஒரு தாயைக் குறிப்பது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ரயிலில் பாடிக் காசு கேட்ட சிறுமி, ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி. நடேச ஐயரின் காதில் விழுந்தாள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. சில விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்ததும், ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக மேடை ஏறியதும் எல்லாக் கதைகளிலும் வருகிறது. அந்த வேடத்துக்கு அந்தப் பிள்ளைக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது.

பிறகு இலங்கை. அந்தக் காலத்துத் தமிழ் நாடகக்காரர்களுக்குக் கொழும்பும் யாழ்ப்பாணமும் மதுரை, திருச்சி மாதிரி இன்னொரு ஊர். சிறுமியாகவே கப்பலேறிப் போன சுந்தராம்பாள் அங்கே பெயர் வாங்கினார். குழந்தை வேடம், ஆண் வேடம், ஸ்திரீபார்ட் எல்லாம் கட்டினார்.

அன்றைய ‘ஸ்பெஷல் நாடகம்’ எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் குரலின் அருமை புரியும். ஒரே கம்பெனியில் சேர்ந்து மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த நடிகர்கள் அல்ல அவர்கள். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறொரு ஊரிலிருந்து. மேடையில்தான் சந்திப்பே. கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும். மீதியைத் தர்க்கத்திலும் சமயோசிதத்திலும் ஓட்ட வேண்டும். இரவு தொடங்கினால் விடிய விடிய நடக்கும். மைக் கிடையாது. பந்தலின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டாக வேண்டும். ஆர்மோனியக்காரர் சுருதியை ஏற்ற ஏற்ற, பாடுபவர் பின்வாங்கினால் அன்றைய ஆட்டம் போயிற்று. சுந்தராம்பாளின் உச்சஸ்தாயியும், எழுத்து எழுத்தாகத் தெறிக்கும் உச்சரிப்பும் அந்தப் பந்தல்களில் உரமேறியவை. பின்னாளில் சினிமாவில் மைக்குக்கு முன்னால் நின்றபோதும் அவர் கடைசி வரிசைக்காரனுக்காகத்தான் பாடினார் என்று தோன்றும்.

இந்த ஸ்பெஷல் நாடகங்களில் தலையாயது சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய ‘வள்ளி திருமணம்’. வள்ளியின் கதையை விரித்துச் சொல்லும் கந்தபுராணம் அரங்கேறியது காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் என்பது மரபு. கச்சியப்ப சிவாச்சாரியார் அந்தப் புராணத்தை வள்ளியம்மை திருமணத்தோடுதான் நிறைவு செய்கிறார். குமரகோட்டத்தில் முடிந்த கதையை நாடகமேடை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. அந்தக் கதையில் வள்ளியாக நின்று, சுந்தராம்பாள் தன் வேலனைச் சந்தித்தார்.

கிட்டப்பா

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே அண்ணன் தம்பிகளோடு மேடையேறி, கன்னையா கம்பெனியின் நாடகங்களில் புகழின் உச்சத்துக்குப் போனவர். அவர் குரலின் வேகத்தை இசைத்தட்டுகளில் இன்றும் கேட்கலாம். அவரோடு ஜோடி சேர்ந்து பாடி நிற்க யாராலும் முடியாது என்று பேச்சு இருந்தது. 1926-இல் இலங்கையில் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். மோதலைப் பார்க்க வந்த ஜனங்கள் இரண்டு குரலையும் சேர்த்தே கேட்கப் பழகிவிட்டார்கள்.

1927-இல் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சாதியும் வேறு. அவருடைய குடும்பத்தில் சுந்தராம்பாளுக்கு இடம் இருக்கவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. சேர்ந்து நடித்தார்கள், பிரிந்தார்கள், மறுபடி சேர்ந்தார்கள். இருவருக்கும் நடுவே நடந்த கடிதப் போக்குவரத்து பின்னாளில் அச்சிலும் வந்தது. கோபம், சந்தேகம், கெஞ்சல், மானம் எல்லாம் அதில் இருக்கின்றன. இருபது வயதைச் சற்றே தாண்டிய பெண், ஆயிரக்கணக்கானோர் கைதட்டும் நடிகை, தன்னை மதிக்கும்படி ஒரு மனிதனிடம் வாதாடிக்கொண்டிருக்கிறாள். அவற்றைக் காதல் கடிதங்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. நகை இல்லை, பூ இல்லை, நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு.

காஞ்சியில் இதை எழுதும்போது இந்த இடத்தில் நிற்காமல் போக முடியவில்லை. இந்த ஊர் கல்யாணத்தால் வாழும் ஊர். பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் நெய்யும் முகூர்த்தப் பட்டுதான் நூற்றுக்கணக்கான வீடுகளில் அடுப்பெரியக் காரணம். உடலும் கரையும் தனித்தனி நிறமாக இருந்தாலும் கோர்வை போட்டு இரண்டையும் பிணைக்கும் வித்தை இங்கத்திய நெசவாளிக்குக் கைவந்தது. சேலை நைந்து கிழிந்தாலும் கரை பிரியாது என்று சொல்லித்தான் விற்பார்கள். தமிழ்ப் பெண்ணுக்குப் பட்டு என்பது சபையில் அமரும் உரிமை. கணவன் போனதும் முதலில் பறிபோவதும் அதுதான்.

சுந்தராம்பாள் விஷயத்தில் இதை யாரும் பறிக்கவில்லை. அவர் கிட்டப்பாவின் மனைவி என்பதையே ஏற்காதவர்கள் இருந்தபோது, கைம்பெண் கோலம் பூணும்படி யார் அவரைக் கட்டாயப்படுத்தியிருக்க முடியும்? வேண்டுமென்றே அவர் அதை உடுத்தினார். நான் அவருடைய மனைவி என்று ஊரறிய, நாடறிய, மறுக்க முடியாதபடி அறிவித்த உடை அது. இன்றுவரை அவர் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதைக் கற்பின் கதையாகவே சொல்லிக் கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைய வழக்கப்படி வெள்ளை உடுத்தியவள் வீட்டின் பின்கட்டில் கிடக்க வேண்டும். நல்ல காரியங்களில் எதிரே வரக்கூடாது. இவர் அதே வெள்ளையோடு அரங்கின் நடுவில் வந்து நின்றார். விளக்கு அவர்மேல் விழுந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு ஜனம் பார்த்தது. பெண்ணை ஒடுக்குவதற்கென்று வைத்திருந்த உடையை அணிந்துகொண்டே தன் தொழிலையும், வருமானத்தையும், எதில் நடிப்பேன், எதில் நடிக்கமாட்டேன் என்ற உரிமையையும் கையில் வைத்திருந்தார். இதைச் செய்த பெண்கள் அந்தத் தலைமுறையில் எத்தனை பேர்?

அந்த வெள்ளை, கதர். தீரர் சத்தியமூர்த்தி நாடகக்காரர்களைக் காங்கிரஸின் பக்கம் இழுத்தவர்களில் முதல்வர். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள். தேசபக்திப் பாட்டுகளைச் சுந்தராம்பாள் மேடையிலும் இசைத்தட்டிலும் பாடினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனுக்கும் காந்தியின் பெயர் போய்ச் சேர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று. தேர்தல் பிரசாரங்களில் அவர் பாடுகிறார் என்றால் கூட்டத்துக்குத் தனியாக ஆள் சேர்க்க வேண்டியதில்லை. காந்தி கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறினார்கள் என்றும், சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தி கேட்க, உடனே அதையும் கொடுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். காஞ்சியில் பட்டுக் கடைகள் வரிசையாக நிற்கும் வீதியின் பெயர் காந்தி ரோடு. அந்தக் காந்திக்காகவும் கிட்டப்பாவுக்காகவும் உடுத்திய ஒரே கதர்ச் சேலையில் அரசியலும் துக்கமும் சேர்ந்தே இருந்தன.

லட்ச ரூபாய் நந்தன்

1935-இல் வந்தது ‘நந்தனார்’. தயாரிப்பாளர் ஆசந்தாஸ் வந்து கேட்டபோது, ஆளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று லட்ச ரூபாய் கேட்டாராம். ஆசந்தாஸ் சரி என்றுவிட்டார். ஒரு சவரன் இருபது சொச்சம் ரூபாய்க்கு விற்ற காலம் அது. கொடுமுடியில் பசியோடு கிடந்த பெண்ணுக்கு அந்தத் தொகை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன், சேரியில் பிறந்து சிதம்பரம் போகத் தவித்த நந்தன். அவனாக நடித்தவர் ஒரு பெண். எதிரே வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். சங்கீத உலகின் சிகரமான ஒரு வித்வான், நாடக மேடையிலிருந்து வந்த பெண்ணுக்கு எதிரில் நடிக்க ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் அது சாதாரணமாக நடக்கிற காரியமா?

படத்தைக் கல்கி ‘ஆனந்த விகட’னில் கடுமையாகத் தாக்கினார். கல்கி சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம். அன்றைய பேசும் படங்கள் பலவும் நாடகத்தைக் காமிராவுக்கு முன்னால் நிறுத்தி எடுத்தவைதான். ஆனால் ஆண் ஜோடியே வேண்டாம் என்று சபதம் செய்த நடிகை, அந்தச் சபதத்தை வைத்துக்கொண்டே எப்படிக் கதாநாயக வேடம் கட்டி நாட்டிலேயே பெரிய சம்பளம் வாங்கினார் என்பது விமர்சனத்துக்குள் அடங்காத சேதி.

ஏறக்குறைய இதே காலத்தில் மராத்தி மேடையில் வேறு விதமான கதை நடந்துகொண்டிருந்தது. அங்கே பால கந்தர்வர் பெண் வேடத்தில் பாடி ஊரை மயக்கினார். அவர் மேடையில் உடுத்திய புடவைகளைப் பார்த்துத்தான் வசதியான வீட்டுப் பெண்கள் தங்கள் புடவையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹீராபாய் படோதேக்கர் போன்ற பெண்கள் ஆண்களோடு சேர்ந்து நடிக்கத் துணிந்து, அந்த மேடையில் தங்களுக்கு இடம் பிடித்தார்கள். தமிழ் மேடையும் மராத்தி மண்ணுக்குக் கடன்பட்டதுதான். மராத்திய, பார்சி நாடகக் குழுக்களின் திரைச்சீலையையும் காட்சி ஜோடனையையும் பார்த்து நம் கம்பெனிகள் கற்றுக்கொண்டன. 1934-இல் ‘சீதா கல்யாணம்’ என்ற தமிழ்ப் படத்தையே மராத்தி மண்ணின் பிரபாத் நிறுவனம் எடுத்தது. அங்கே ஒரு ஆண் பட்டுடுத்திப் பெண்ணழகின் இலக்கணம் ஆனார். இங்கே ஒரு பெண் பட்டைக் கழற்றிவிட்டு நந்தன் வேடத்தில் நின்றார்.

இளமை வேண்டாதவர்கள்

‘மணிமேகலை’ 1940-இல் வந்தது. அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. எஸ்.எஸ். வாசன் அழைத்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கி, ஜெமினி பெருஞ்செலவில் எடுத்த ‘ஔவையார்’ 1953-இல் வெளியானது. காட்டு யானைகள் கோட்டையை இடித்துத் தள்ளும் காட்சி அந்தக் காலத்துக்குப் பிரமாண்டம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் வரும் காட்சி. கல்யாணப் பேச்சு நெருங்கும்போது, இளம்பெண் ஔவை விநாயகரிடம் தன் இளமையை எடுத்துக்கொள் என்று வேண்டுகிறாள். குசலகுமாரியாக இருந்தவள் மறுகணம் சுந்தராம்பாள் ஆகிறாள். கதையைக் கேட்கிறவர்களுக்கு அது தெய்வ அதிசயம். இருபத்தைந்து வயதில் தானே முதுமையை உடுத்திக்கொண்ட ஒருவர் அந்த உருவில் திரையில் வந்து நின்றபோது, பார்த்தவர்கள் அதை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. சங்ககால ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு என்று தமிழ் வாத்தியார்கள் எவ்வளவு சொன்னாலும், அந்தப் படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஔவை என்றால் ஒரே முகம்தான்.

அந்த ஐம்பதுகளில் அவர் சென்னை சட்ட மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போகும் பாதையை நம் மாநிலத்தில் எம்.ஜி.ஆரோடு சேர்த்தே நினைக்கிறோம். அதில் முதல் அடிவைத்தது ஒரு பெண்.

1964-இல் கலைஞர் மு. கருணாநிதி எழுதிய ‘பூம்புகார்’. சுந்தராம்பாள் காங்கிரஸ்காரர், முருக பக்தை; எழுதியவரோ பகுத்தறிவு இயக்கத்தவர். கவுந்தியடிகள் வேடத்துக்கு அவர்தான் வேண்டும் என்று கலைஞர் நின்றார். தெய்வத்தைக் கேள்வி கேட்கும் ஒரு வரியைப் பாட சுந்தராம்பாள் மறுத்து, அதை மாற்றியே பாடினார் என்று இன்றும் சொல்லப்படுகிறது. இரண்டு பேரும் தத்தம் கொள்கையை விட்டுக்கொடுக்காமல் ஒரே படத்தில் வேலை செய்தார்கள். இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் பெருமூச்சுதான் வருகிறது. படத்தில் கவுந்தி நடந்து வரும்போது கோவலன், கண்ணகி இருவரையும் மீறிக் கண் அவர்மேல் போகிறது.

அடுத்த ஆண்டு ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’. பழத்துக்குக் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனிடம் ஔவை பேசும் கட்டம் சில நிமிடங்கள்தான். ஆனால் மாம்பழக் கதையைச் சொல்லும் பாட்டிகள் எல்லோரும் அதற்குப் பிறகு சுந்தராம்பாளின் குரலில்தான் சொல்கிறார்கள். ‘கந்தன் கருணை’, ‘மகாகவி காளிதாஸ்’ என்று படங்கள் தொடர்ந்தன. பக்திப் படம் எடுப்பவர்கள் அவருக்காக ஒரு காட்சி வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தவற்றில் சில படத்துக்குத் தேவையே இல்லாதவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் வந்து பாடினால் போதும் என்று நினைத்தார்கள். அவருடைய நடிப்புக்குத் தீனி போடவில்லை. விடிய விடிய எதிராளியோடு தர்க்கம் செய்து, பபூனின் வாயை அடைத்து, அழவும் சிரிக்கவும் வைத்த ஒரு நாடகக்காரியைத் திரை பெரும்பாலும் நிற்கவைத்துப் பாடத்தான் சொன்னது. அந்த மேடைச் சுந்தராம்பாள் படச்சுருளில் பதிவாகவில்லை. சுமார் மூன்று நிமிடம் ஓடும் இசைத்தட்டுகளில்தான் துண்டு துண்டாகக் கிடைக்கிறார். அந்தத் தட்டுகளைத் தேடி வாங்கிப் பாதுகாத்துவரும் தனிமனிதர்களுக்குத் தமிழ் நாடக வரலாறு கடன்பட்டிருக்கிறது. அரசு அருங்காட்சியகமோ பல்கலைக்கழகமோ அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து, யாரும் கேட்கும்படி வைக்க வேண்டும். தட்டு கீறல் விழுந்துகொண்டே இருக்கிறது.

1973-இல் ‘காரைக்கால் அம்மையார்’. இளம் புனிதவதியாக லட்சுமி. பேயுருவை வேண்டிப் பெற்ற பிறகு சுந்தராம்பாள். ஔவையில் செய்ததைத்தான் இருபது ஆண்டு கழித்து மறுபடி செய்தார். கணவன் விலகிய பின் அழகும் தசையும் எதற்கு என்று உதறியவள் அம்மையார். அவளைத் தெய்வமாக்கிக் கும்பிடுவது நமக்குச் சுலபம். அந்த உதறலுக்குப் பின்னால் இருந்த அவமானத்தையும் வீம்பையும் தெரிந்த ஒருத்தி அந்த வேடத்தைக் கட்டினால் அது வேறு மாதிரி இருக்கும். பாட்டைப் பாடும்போது அவர் முகத்தில் குழைவே இல்லை. கட்டளை இடுகிற மாதிரிதான் சிவனைக் கூப்பிடுகிறார்.

சம்பாதித்ததில் கொடுமுடியில் ஒரு திரையரங்கம் கட்டினார். 1970-இல் பத்மஸ்ரீ. அதற்கு முந்தைய ஆண்டு, சின்னப்பா தேவரின் ‘துணைவன்’ படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. பின்னணிப் பாடகிக்கென்று அந்த விருது தொடங்கியது 1968-இல். முதல் விருது பி. சுசீலாவுக்கு, இரண்டாவது இவருக்கு. அப்போது சுந்தராம்பாளுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அந்தப் படத்தில் பால முருகனாக வந்த குழந்தையின் பெயர் ஸ்ரீதேவி. பின்னாளில் பம்பாய் வரை போய் இந்திப் படவுலகையே ஆண்ட ஸ்ரீதேவிதான். 1980-இல் காலமாகும்வரை சுந்தராம்பாள் உடுத்தியது அதே வெள்ளைதான்.